ஆக்டேன் எண் கூடினால் மைலேஜ் கூடுமா?

வெள்ளைக்கோடு:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது மூன்று சிலிண்டர், டர்போ, நேரடி இன்ஜெக்ஷன் வகை என்ஜின் கொண்ட ஒரு சிறிய கார். அதன் கையேட்டில் பெட்ரோலைப் பற்றி இரண்டே வரிகள்தான் இருக்கின்றன. குறைந்தது 91 ஆக்டேன் வேண்டும் என்பது ஒன்று, 95 பரிந்துரைக்கப்படுகிறது என்பது மற்றொன்று. ஏன் பரிந்துரைக்கிறார்கள், 91 போட்டால் எதை இழப்பேன், 95 போட்டால் எதைப் பெறுவேன் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

தெரிந்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். ஆக்டேன் கூடக்கூடப் பெட்ரோலில் சக்தி கூடும், ஆகவே மைலேஜும் தானாகக் கூடும் என்கிறார் ஒருவர். அதெல்லாம் கூடுதல் விலைக்கு விற்பதற்கான வித்தை, இரண்டும் ஒரே பெட்ரோல்தான் என்கிறார் இன்னொருவர். நானும் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 95 போட்டபோது டாஷ்போர்டு திரையில் லிட்டருக்கான கிலோமீட்டர் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்துப் பார்த்தால், அந்தக் கூடுதல் ஒருமுறை தெரிகிறது, மறுமுறை காணாமல் போகிறது.

ஆக்டேன் எண்ணுக்கும் மைலேஜுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? உண்டென்றால் அது எந்த வழியாக வருகிறது? டர்போ வண்டிக்கும் சாதாரண வண்டிக்கும் இதில் வேறுபாடு இருக்கிறதா? நான் பெரும்பாலும் நகர நெரிசலில்தான் ஓட்டுகிறேன் என்றாலும், அவ்வப்போது ஐந்து பேரும் பெட்டிகளுமாக மலைப்பாதையில் ஏறுவதும் உண்டு.

பிஸ்டன் வளையம்:

தொடர்பு உண்டு, ஆனால் உங்கள் முதல் நண்பர் சொல்லும் வழியில் வருவதில்லை. பெட்ரோலில் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதற்கும் ஆக்டேன் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் ஏறும்போது, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் எழுந்த தீ வந்து சேருமுன் தானாகப் பற்றிக்கொள்ளாதபடி அந்தப் பெட்ரோல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது.

இந்த அளவுகோல் 1920களில் உருவானது. அப்படித் தானாகப் பற்றிக்கொண்டு என்ஜினில் சத்தம் எழுப்புவதை நாக்கிங் என்பார்கள். எளிதில் நாக்கிங் செய்யாத ஐசோ ஆக்டேன் என்ற சேர்மத்துக்கு 100 என்றும், மிக எளிதில் நாக்கிங் செய்யும் ஹெப்டேனுக்கு 0 என்றும் எண் கொடுத்தார்கள். ஒரு பெட்ரோலின் ஆக்டேன் எண் 95 என்றால், கன அளவில் 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த நிலையில் நாக்கிங் செய்யத் தொடங்குமோ, அதே நிலையில்தான் அந்தப் பெட்ரோலும் தொடங்கும் என்று பொருள். இதைச் சோதிக்க, ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை, ஏற்றி இறக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் ஒன்று இருக்கிறது. ஆர்ஓஎன் (ரிசர்ச் ஆக்டேன் எண்) எனப்படும் எண்ணைக் கண்டறிய அந்த என்ஜினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டுகிறார்கள். கவனியுங்கள், அந்தச் சோதனையில் எரிபொருள் எவ்வளவு செலவாகிறது என்பதை யாரும் அளப்பதே இல்லை.

ஆற்றலைப் பொறுத்தவரை, ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் இருக்கும். 91 ஆக்டேன் பெட்ரோலுக்கும் 95 ஆக்டேன் பெட்ரோலுக்கும் இதில் பெரிய வேறுபாடு கிடையாது. இருக்கும் சிறு வேறுபாடும், ஆக்டேனை எதைச் சேர்த்து உயர்த்தினார்கள் என்பதைப் பொறுத்து எந்தப் பக்கமும் சாயலாம். டொலுவீன் போன்ற அரோமாட்டிக் சேர்மங்களைக் கூட்டியிருந்தால் அடர்த்தி ஏறி, லிட்டருக்கான ஆற்றலும் சற்று ஏறும். எத்தனால் சேர்த்து உயர்த்தியிருந்தால் ஆற்றல் இறங்கும். உயர் ஆக்டேன் பெட்ரோல் மெதுவாக எரியும் என்றும் பலர் நம்புகிறார்கள். பொறி பட்ட பிறகு தீ பரவும் வேகம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது, தீ வந்து சேருமுன் தானாகப் பற்றிக்கொள்ளும் போக்கு.

இனி மைலேஜுக்கு வருவோம். ஸ்பார்க் பிளக் பொறியைக் கொடுத்தவுடன் தீ நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பரவுகிறது. பரவும் தீ, இன்னும் எரியாமல் ஓரத்தில் இருக்கும் கலவையை மேலும் அமுக்கிச் சூடாக்குகிறது. அந்த ஓரத்துக் கலவை பொறுமையிழந்து ஒட்டுமொத்தமாக ஒரே நொடிப்பில் பற்றிக்கொண்டால், அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரிலும் பிஸ்டன் தலையிலும் அறைகின்றன. அந்த உலோகச் சத்தம்தான் நாக்கிங். என்ஜின் பிளாக்கில் திருகப்பட்டிருக்கும் நாக் சென்சார், பல கார் என்ஜின்களில் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள அந்த அதிர்வை, உங்கள் காதுக்கு எட்டுமுன்பே பிடித்துவிடும். உடனே என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ, பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, கிராங்க் தண்டு சுழலும் கோணக் கணக்கில் சில பாகை பின்னுக்குத் தள்ளும். சத்தம் அடங்கியபின், மறுபடி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுவரும்.

மைலேஜ் கசிவது அந்தச் சில பாகைகளில்தான். ஊஞ்சலை, அது மேலே வந்து திரும்பும் கணத்தில் தள்ளினால் சிறு விசையே போதும். தாமதித்துத் தள்ளினால் அதே வீச்சுக்குக் கூடுதலாக மெனக்கெட வேண்டும். பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி ஏறத்தாழ 8 முதல் 10 பாகைக்குள் கலவையில் பாதி எரிந்திருந்தால்தான் எரிபொருளின் வெப்பத்திலிருந்து அதிக வேலையைக் கறக்க முடியும். பொறியைத் தாமதித்தால், பிஸ்டன் கீழே இறங்கிய பிறகும் கலவை எரிந்துகொண்டிருக்கும். தள்ளுவதற்குப் பயன்பட வேண்டிய வெப்பம் சைலன்சர் வழியாக வெளியே போகும். வெளியேறும் புகையின் வெப்பம் ஏறுவதால், அதிகச் சுமையில் டர்போவையும் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் காப்பாற்ற, பல என்ஜின்களில் இசியூ தேவைக்கு மிஞ்சிப் பெட்ரோலைத் தூவிக் குளிர்விக்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றிருக்க வேண்டிய கலவை அப்போது 13க்கும் கீழே இறங்கலாம். டைமிங் பின்னுக்குப் போவதோடு கலவையும் கெட்டியாவதால், இழப்பு இரட்டிப்பாகிறது.

ஆனால் இவையெல்லாம் என்ஜின் நாக்கிங்கின் விளிம்பில் நிற்கும்போது மட்டுமே நடக்கின்றன. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து, சமவெளியில் சீரான வேகத்தில் போகும்போது, சிலிண்டருக்குள் காற்றே பாதிக்குமேல் நுழைவதில்லை. அழுத்தமும் குறைவு. பெட்ரோல் 91 ஆக இருந்தாலும் 98 ஆக இருந்தாலும் இசியூ அதே சிறந்த டைமிங்கில் பொறியைக் கொடுக்கும், மைலேஜும் ஒன்றாகவே இருக்கும். நகர நெரிசலில் நின்று நின்று நகரும்போதும் பெரும்பகுதி இதே கதைதான். ஆக்டேன் வேலை செய்வது குறைந்த சுற்றில் அதிகச் சுமை விழும்போது: மேட்டில் உயர் கியரில் ஏறும்போது, முழுச் சுமையுடன் முந்தும்போது, கொளுத்தும் வெயிலில், டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறிக் கிடக்கும்போது.

டர்போ என்ஜின் அந்த விளிம்புக்கு எளிதில் போய்விடும். காற்றை முன்கூட்டியே அமுக்கி உள்ளே திணிப்பதால், 1,800 சுற்றிலேயே சிலிண்டர் நிரம்பி வழிகிறது. உங்கள் கையேட்டின் இரண்டாவது வரி அதனால்தான் வந்திருக்கிறது. டர்போ இல்லாத, 91க்கென்றே டியூன் செய்த என்ஜினில் 95 போட்டால், பயன்படுத்திக்கொள்ளக் கூடுதல் டைமிங் எதுவும் இசியூவின் அட்டவணையில் இல்லாதபோது, அந்தக் கூடுதல் ஆக்டேன் சும்மாவே எரிந்து போகிறது.

பாயின்ட் செட்:

மேலே நண்பர் எழுதியதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஒர்க்ஷாப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

கார்புரேட்டரும், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரும் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு விடை காண்பது எளிதாக இருந்தது. டிஸ்டிரிபியூட்டரின் அடியிலுள்ள நட்டைத் தளர்த்தி, அதை ஒரு விரற்கடை திருப்பினால் டைமிங் முன்னே போகும், மறுபக்கம் திருப்பினால் பின்னே போகும். வண்டியை மூன்றாவது கியரில் மேட்டில் ஏற்றி, சல்லடையில் கூழாங்கல் உருள்வதுபோன்ற சத்தம் லேசாக எழுந்து உடனே அடங்கும் இடத்தில் நட்டை முடுக்குவோம். நல்ல பெட்ரோல் கிடைத்தால் இன்னும் கொஞ்சம் முன்னே திருப்பலாம், அப்போது இழுவையும் மைலேஜும் இரண்டுமே கூடும். திருப்பாமல் நல்ல பெட்ரோலை மட்டும் ஊற்றியவருக்கு ஒன்றும் கூடியதில்லை. இன்று அந்தத் திருப்பும் வேலையை இசியூ செய்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் எல்லா வண்டியும் அப்படிச் செய்யும் என்று எண்ணிவிட வேண்டாம். நாக் சென்சாரே இல்லாத சிறிய இன்ஜெக்ஷன் என்ஜின்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் டைமிங் அட்டவணை நிலையானது. குறைந்தபட்சத்துக்கும் கீழான ஆக்டேன் போட்டால் அவை தங்களைக் காத்துக்கொள்ள மாட்டா, உயர்ந்த ஆக்டேன் போட்டால் அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் மாட்டா. ஆகவே, என் வண்டியில் மாற்றமே இல்லை என்று ஒருவரும், நன்றாகத் தெரிகிறது என்று இன்னொருவரும் சொன்னால், இருவருமே உண்மை பேசுகிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

கார்பன் படிவும் இதில் சேர்கிறது. என்ஜினுக்கு வயதாக ஆக, பிஸ்டன் தலையிலும் எரிகலனின் கூரையிலும் கார்பன் படிகிறது. அது இருக்கும் இடத்தைச் சுருக்கிக் கம்ப்ரஷனைச் சற்று ஏற்றும், வெப்பத்தையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கும். புதிதாக இருந்தபோது 91இல் நிம்மதியாக ஓடிய என்ஜின், நெடுந்தூரம் ஓடிய பின் அதற்கு மேல் கேட்பது இதனால்தான். அப்படிப்பட்ட வண்டிக்கு 95 போட்டதும் உரிமையாளர் வியந்து பாராட்டுவார். என்னைக் கேட்டால், அது நோயைத் தணிக்கிறதே ஒழியத் தீர்க்கவில்லை. படிவைச் சுத்தம் செய்தால் அவர் மறுபடி 91க்கே திரும்பிவிடலாம்.

உயர் ஆக்டேன் பெட்ரோலில் சில நிறுவனங்கள் துப்புரவு ரசாயனத்தையும் கூடுதலாகச் சேர்க்கின்றன. அது நல்லதுதான். ஆனால் அது ஆக்டேனின் குணம் அல்ல, தனியாகச் சேர்க்கும் சரக்கு. சாதாரண பெட்ரோலிலும் அதைச் சேர்க்கலாம், பல இடங்களில் சேர்க்கவும் செய்கிறார்கள். நேரடி இன்ஜெக்ஷன் என்ஜினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது, காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வின் மேல் படுவதே இல்லை என்பதால், எந்த ரசாயனமும் அங்கே படிந்த கரியைக் கழுவாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெள்ளைக்கோடு:

இருவருக்கும் நன்றி, பல முடிச்சுகள் அவிழ்ந்தன. ஆனால் புதிதாக இரண்டு சேர்ந்துவிட்டன. கம்ப்ரஷன் விகிதம் 10க்கு மேல் போனால் உயர் ஆக்டேன் கட்டாயம் என்று எங்கோ படித்தேன். என் அண்ணனின் ஹைபிரிட் காரில் அது 14 என்று போட்டிருக்கிறது, ஆனால் கையேடு சாதாரண பெட்ரோலே போதும் என்கிறது. இது எப்படிச் சாத்தியம்? இரண்டாவது, எத்தனால் ஆக்டேனை உயர்த்தும் என்கிறார்கள், எத்தனால் கலந்தால் மைலேஜ் குறையும் என்றும் அதே மூச்சில் சொல்கிறார்கள். இவ்விரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக முடியும்?

எரிகலன்:

இரண்டும் உண்மைதான், வெவ்வேறு கணக்குகளில். எத்தனாலின் ஆர்ஓஎன் ஏறத்தாழ 108 என்பதால் கலவையின் ஆக்டேன் உயர்கிறது. ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், நேரடி இன்ஜெக்ஷன் என்ஜினில் சிலிண்டருக்குள்ளேயே கலவையைக் குளிர்வித்து நாக்கிங்கை மேலும் தள்ளிப்போடுகிறது. ஆனால் அதில் ஆக்சிஜன் ஏற்கெனவே கலந்திருப்பதால், அதாவது ஓரளவு எரிந்து முடிந்த பொருளைப்போல இருப்பதால், லிட்டருக்கு 21 மெகாஜூல் அளவுக்குத்தான் ஆற்றல் தேறும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 10 சதவீதம் எத்தனால் கலந்தால் ஒரு லிட்டரில் சுமார் 30.9 மெகாஜூல், 20 சதவீதம் கலந்தால் சுமார் 29.8. சுத்தமான பெட்ரோலோடு ஒப்பிட்டால் முறையே 3 சதவீதத்துக்குச் சற்று மேலும், 7 சதவீதத்துக்குச் சற்றுக் கீழும் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப இன்ஜெக்டர் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும்.

உயர்ந்த ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ளும்படி கம்ப்ரஷனையும் டைமிங்கையும் வடிவமைத்த என்ஜின், இந்த இழப்பில் ஒரு பகுதியைச் செயல்திறனால் மீட்டுவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், குறைந்த கம்ப்ரஷன் கொண்ட என்ஜினால் மீட்க முடியாது. எத்தனாலால் ஆக்டேன் உயர்ந்த பெட்ரோலைப் போட்டும் மைலேஜ் இறங்கியது என்று ஒருவர் சொன்னால், அதில் வியக்க ஒன்றுமில்லை. பெட்ரோல் பங்கில் ஆக்டேன் எண்ணைப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எத்தனால் சதவீதத்தைப் பார்க்கும் பழக்கம் இல்லை. லேசான மிதியில் ஓட்டுபவரின் மைலேஜைப் பொறுத்தவரை, இரண்டாவது எண்ணுக்கே பெரும்பாலும் தாக்கம் அதிகம்.

கம்ப்ரஷன் விஷயத்தில், 10க்கு மேல் என்றால் உயர் ஆக்டேன் என்ற விதி பழைய என்ஜின்களைப் பார்த்து எழுந்தது. கம்ப்ரஷன் கூடினால் செயல்திறன் கூடும் என்பது அசைக்க முடியாத இயற்பியல். பாடப்புத்தகத்து இலட்சிய என்ஜினில் விகிதம் 9 என்றால் செயல்திறன் ஏறத்தாழ 58 சதவீதம், 12 என்றால் 63. நிஜ என்ஜின்கள் இதற்கு வெகுவாகக் கீழேதான் இருக்கின்றன, ஆனால் போக்கு அதேதான். தலைமுறை தலைமுறையாக ஆக்டேனை உயர்த்தப் பொறியாளர்கள் பாடுபட்டதன் காரணமே இதுதான். 1921இல் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி நாக்கிங்கை அடக்கக் கண்டறிந்த ஈயச் சேர்மம் அந்த ஆசையில் பிறந்தது. அந்த ஈயத்தை உலகின் எல்லாக் கார்களிலிருந்தும் ஒழிக்க 2021 வரை, சரியாக ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

உங்கள் அண்ணனின் ஹைபிரிட் கார் ஒரு தந்திரம் செய்கிறது. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வைச் சற்று நேரம் மூடாமல் வைத்திருக்கிறது. உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்பப் போய்விடுவதால், உண்மையில் அமுக்கப்படும் அளவு 14க்கு வெகு கீழே நிற்கிறது. விரிவடையும்போது மட்டும் முழு 14 கிடைக்கிறது. சிலிண்டரில் காற்று குறைவதால் இழுவை குறையும், அதை ஹைபிரிட்டின் மின்மோட்டார் ஈடுகட்டிவிடும்.

தந்திரம் இல்லாமல், ஆக்டேனை நேரடியாகச் செயல்திறனாக மாற்றியதற்கும் ஓர் உதாரணம் உண்டு. மஸ்டா தன் ஸ்கைஆக்டிவ் பெட்ரோல் என்ஜினை ஐரோப்பாவில் 14 என்ற கம்ப்ரஷன் விகிதத்துடன் விற்றது, வட அமெரிக்காவில் 13 என்று குறைத்து விற்றது. ஐரோப்பாவின் சாதாரண பெட்ரோல் 95 ஆர்ஓஎன், அமெரிக்காவின் சாதாரண பெட்ரோல் ஏறத்தாழ 91 அல்லது 92. ஆக்டேனின் பலன் அறுவடையாகும் இடம் என்ஜினின் வரைபடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அமெரிக்கப் பங்கில் 87 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அது நம் 91ஐவிட மட்டம் என்று எண்ணக் கூடாது. ஆர்ஓஎன் தவிர எம்ஓஎன் (மோட்டார் ஆக்டேன் எண்) என்ற இன்னொரு சோதனையும் உண்டு. அதில் என்ஜின் 900 சுற்றில், கலவை 149 டிகிரி வரை சூடேற்றப்பட்டு ஓடுவதால், எண் பத்தளவு குறைவாக வரும். அமெரிக்காவில் இவ்விரண்டின் சராசரியைப் போடுகிறார்கள். 95 ஆர்ஓஎன்னும் 85 எம்ஓஎன்னும் உள்ள ஐரோப்பியப் பெட்ரோல் அங்கே போனால் 90 என்று எழுதப்படும். இறக்குமதி வண்டியின் கையேட்டைப் படிக்கும்போது எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தராசுமுள்:

கேள்வியின் கடைசிப் பகுதியை, அதாவது கூடுதல் ஒருமுறை தெரிந்து மறுமுறை மறைவதை, யாரும் இன்னும் தொடவில்லை. அளவெடுக்கும் முறையில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்.

முதலில், எவ்வளவு வேறுபாட்டை எதிர்பார்க்கிறோம் என்று தெரிய வேண்டும். அமெரிக்க வாகன ஓட்டிகளின் அமைப்பான ஏஏஏ 2016இல் சாதாரண பெட்ரோலுக்கென்றே வடிவமைத்த கார்களில் உயர் ஆக்டேனைச் சோதித்தபோது, மைலேஜிலோ திறனிலோ குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தெரியவில்லை. 2017இல் உயர் ஆக்டேன் பரிந்துரைக்கப்பட்ட, ஆனால் கட்டாயமில்லாத கார்களை, அதாவது உங்கள் கார் போன்றவற்றைச் சோதித்தார்கள். சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதம் கூடியது. ஒரு காரில் அது 1 சதவீதம் குறையவும் செய்தது, ஒரு பெரிய வண்டியில் 7.1 சதவீதம் வரை ஏறவும் செய்தது. எனவே நீங்கள் தேடுவது இரண்டு மூன்று சதவீத வேறுபாடு.

அதைப் பிடிக்க உங்கள் தராசு போதுமா? 35 லிட்டர் நிரப்பும்போது நாசில் தானாக நிற்கும் இடம் ஒரு லிட்டர் முன்பின்னாக இருந்தாலே 3 சதவீதம் போய்விட்டது. 10 லிட்டர் மட்டும் நிரப்பிக் கணக்குப் பார்ப்பவருக்கு அதே ஒரு லிட்டர் 10 சதவீதப் பிழை. பெட்ரோல் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் விரிவடைவதால், நிரப்பிய பெட்ரோலின் வெப்பநிலை 15 டிகிரி வேறுபட்டால் அதிலேயே 1.5 சதவீதம் போகும். டயர் காற்று, ஏசி, எதிர்க்காற்று, நெரிசல் ஆகியவற்றைச் சேர்த்தால் ஆக்டேனின் பங்கு அந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். டாஷ்போர்டு திரையையும் நம்பாதீர்கள். அது பெட்ரோலை அளப்பதில்லை, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதிலிருந்து கணக்கிட்டுச் சொல்கிறது. பல கார்களில் அது நிஜத்தைவிடச் சற்றுத் தாராளமாகவே காட்டும்.

முறையாகச் சோதிக்க வேண்டுமென்றால், டேங்க் ஏறக்குறைய காலியான பிறகு ஒரு வகையை முழுதாக நிரப்புங்கள். அதே பங்கில், அதே நாசிலில், அதே நேரத்தில், முதல் கிளிக்கோடு நிறுத்துங்கள். முதல் டேங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய பெட்ரோல் கலந்திருக்கும், இசியூவும் புதியதைக் கற்றுக்கொள்ள அவகாசம் வேண்டும். பிறகு பல டேங்குகளைச் சேர்த்து மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள். அடுத்து மற்ற வகைக்கு மாறி, மறுபடி முதல் வகைக்கே திரும்புங்கள். திரும்பும்போது பழைய எண் மீண்டும் வந்தால்தான் வேறுபாட்டை நம்பலாம், வராவிட்டால் பருவநிலையோ போக்குவரத்தோ உங்களை ஏமாற்றியிருக்கிறது.

இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்றால் குறுக்குவழி ஒன்று உண்டு. இசியூவின் தகவல்களைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிறிய ஸ்கேனர் ஒன்றை வாங்கி, டைமிங் அட்வான்ஸ் என்ற அளவை உடன் வருபவர் பார்க்கும்படி செய்யுங்கள். அதே மேட்டில், அதே கியரில், அதே சுற்றில், அதே சுமையில் 91க்கும் 95க்கும் அந்தப் பாகை மாறுகிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் உங்கள் என்ஜின் 95ஐப் பயன்படுத்திக்கொள்ளவில்லை, மைலேஜைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை.

செலவுக் கணக்கு இன்னும் எளிது. 95 எத்தனை சதவீதம் விலை கூடுதலோ, மைலேஜும் குறைந்தது அத்தனை சதவீதம் கூட வேண்டும். விலை 8 சதவீதம் அதிகமென்றால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்த வண்டி 16.2 தர வேண்டும். மைலேஜுக்காக மட்டும் என்றால், இந்தத் தேர்வில் தேறும் கார்கள் மிகச் சில.

வெள்ளைக்கோடு:

ஸ்கேனர் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, வாங்கிப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று. நகரத்துக்கு 91, மலைப் பயணத்துக்கு 95 என்று மாற்றி மாற்றிப் போடுவது என்ஜினுக்குக் கெடுதலா? இரண்டும் டேங்கில் கலந்தால் என்ன ஆகும்?

பிஸ்டன் வளையம்:

கெடுதல் இல்லை. 91ஐயும் 95ஐயும் பாதிப் பாதி கலந்தால் ஏறத்தாழ 93 கிடைக்கும், அவ்வளவுதான். நாக் சென்சார் சொல்வதைக் கேட்டு இசியூ அதற்கேற்ப டைமிங்கைத் திருத்திக்கொள்ளும். உங்கள் கையேடு 91ஐக் குறைந்தபட்சம் என்று ஏற்றுக்கொண்டிருப்பதால் நகரத்துக்குள் அதுவே போதும். மலைக்குக் கிளம்புமுன் டேங்க் கால் அளவுக்கு இறங்கியபின் 95ஐ நிரப்பினால், ஏற்றத்தில் கியரை அடிக்கடி குறைக்க வேண்டிய தேவை சற்றுத் தணியும். முழுச் சுமையில் இழுவை நன்றாக இருப்பதுதான் அங்கே முதல் பயன், மைலேஜ் அதன் பின்னால் வருவது. மிக உயரமான இடங்களில் காற்றின் அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத என்ஜின்களுக்கு ஆக்டேன் தேவையும் இறங்கும். டர்போ அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டிவிடுவதால் உங்கள் வண்டிக்கு அந்தச் சலுகை முழுதாகக் கிடைக்காது.

91இல் ஓட்டும்போதும், உயர் கியரில் 1,500 சுற்றுக்குக் கீழே ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல், ஒரு கியர் இறக்கி ஏறுங்கள். அந்த ஒரு பழக்கத்தால் மட்டுமே என்ஜின் நாக்கிங்கின் விளிம்பைத் தொடும் நேரம் வெகுவாகக் குறையும்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். 95 போட்ட பிறகும், லேசான மிதியிலேயே அந்தச் சத்தம் கேட்டால் பெட்ரோலைச் சந்தேகிக்காதீர்கள். நாக் சென்சாரின் வயர், கூலன்ட் அளவு, தவறான வெப்ப எண் கொண்ட ஸ்பார்க் பிளக், பாயின்ட் செட் சொன்ன கார்பன் படிவு ஆகியவற்றை அந்த வரிசையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். சத்தத்தை அடக்க 98ஐத் தேடிப் போய், கடைசியில் கழன்று தொங்கிய ஒரு கனெக்டரைச் செருகிக்கொண்டு திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.